புது இஞ்சினைப் பழக்குவது
(பெட்ரோலில் பறக்கும் பெரிய மாதிரி விமானங்கள் பற்றி ஓர் அனுபவக் கட்டுரை)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். இந்த மலரில் சங்க இலக்கியம், கல்வெட்டு, சித்த மருத்துவம் என்று பெரியவர்கள் எழுதுவார்கள். அவர்களுக்கு நடுவில் நான் போய் எதை எழுதுவது? ‘உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள் சார், அந்த ரிமோட் ப்ளேன் பற்றியே எழுதுங்கள்’ என்றார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பத்திலிருந்து குடுப்பள்ளி போகும் பக்கம் உள்ள கட்டாந்தரையில் நானும் என் அக்கா மகனும் விமானம் விடுவதைப் பிள்ளைகளுடன் வந்து பார்த்தவர் அவர். ஆகவே இந்தக் கட்டுரை.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். எவ்வளவு தூரம் போகும்? எவ்வளவு விலை? புதுசாக வாங்கியும் ஏன் இத்தனை நாள் பறக்கவிடாமல் தரையிலேயே வைத்து உறும விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? முதல் இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்கு ஒரு கட்டுரையே வேண்டும். அதற்குப் பதில் தெரியாமல் நான் ஒரு விமானத்தை இழந்தேன். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நூலிழையில் தப்பியது. அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

இது பொம்மை அல்ல

கடையில் விற்கும் பாட்டரி பொம்மையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். நான் சொல்லுவது குட்டிக்கரணம், தலைகீழ்ப் பறப்பு எல்லாம் போடக்கூடிய பெரிய சாகச விமானம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 2.2 மீட்டர், எடை சுமார் 8 கிலோ. பால்சா மரமும் ப்ளைவுட்டும் கொண்ட கூடு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை. மூக்கில் 55 சி.சி. கொள்ளளவுள்ள, ஒற்றை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் இஞ்சின். நம் வீடுகளில் ஓடிய டி.வி.எஸ். 50 வண்டியின் இஞ்சினும் ஏறக்குறைய இதே அளவுதான். பக்கத்து ஓசூரில் பிறந்த வண்டி அது. 1980ல் வந்தது. பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்து ஊற்றியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இந்த விமான இஞ்சினுக்கும் அப்படித்தான்.

முன்னால் சுழலும் விசிறியை நாங்கள் ‘ப்ராப்’ என்போம். அதன் நீளம் 23 அங்குலம். நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழலும்போது அதன் நுனி மணிக்குச் சுமார் 770 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணுக்கு அது தெரியாது, ஒரு மங்கல் வட்டம்தான் தெரியும். அதில் விரல் பட்டால் விரல் இருக்காது.

விமானத்தின் கதையும் அப்படியே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 8 கிலோ விமானம் எதன் மீதாவது மோதினால், 8 கிலோ கல்லைப் பதிமூன்று மாடி உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். ஆகவே நடு வானில் இஞ்சின் நின்றுபோவது பணநஷ்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை. கீழே யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நம்மவர்களுக்கு இந்தத் துறை அந்நியமும் அல்ல. நடிகர் அஜித் குமார் மாதிரி விமானத்தில் ஈடுபாடு உள்ளவர் என்பது ஊரறிந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு 2018ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. 1949ல் தொடங்கிய அந்த எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் அவர்கள் விமானப் பொறியியல் படித்தார்கள்.

கொஞ்சம் பழைய கதை

என் தவறு எங்கிருந்து வந்தது என்பது விளங்க வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பில் பிரவுன் என்பவர் ‘பிரவுன் ஜூனியர்’ என்ற சின்னஞ்சிறு பெட்ரோல் இஞ்சினைச் செய்தார். அதுவரை ரப்பரை முறுக்கி விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம். அதில் தீப்பொறிக்காகக் காயில், கண்டென்சர், பாட்டரி எல்லாம் சுமக்க வேண்டியிருந்தது. 1947 வாக்கில் ரே ஆர்டன் ‘க்ளோ ப்ளக்’ என்பதைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு சிறு கம்பிச் சுருள், அது சிவந்து கனன்றுகொண்டே இருக்கும், பாட்டரியைச் சுமக்க வேண்டாம். பெட்ரோல் போய், மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் வந்தது. பல பத்தாண்டுகள் மாதிரி விமானம் என்றால் அந்த விளக்கெண்ணெய் வாசம்தான்.

விமானங்கள் பெரிதாகப் பெரிதாக அந்த எரிபொருள் கட்டுப்படியாகவில்லை. அப்போது சிலரின் கண் மரம் அறுக்கும் ரம்பத்தின் மீதும், புல் வெட்டும் கருவியின் மீதும் விழுந்தது. அவற்றின் சிறு பெட்ரோல் இஞ்சின்களை மாற்றியமைத்து விமானத்தில் பூட்டினார்கள். ஜப்பானின் ஜெனோவா இஞ்சின்கள் அந்த வழியில் பெயர் பெற்றவை. இன்று விமானத்துக்கென்றே செய்யப்படும் இஞ்சின்களிலும் வால்ப்ரோ போன்ற, ரம்பத்தில் இருக்கும் அதே வகைக் கார்பரேட்டரைப் பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய க்ளோ இஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. இரும்புப் பிஸ்டனை சிலிண்டருக்குப் பொருந்தும்படி இழைத்திருப்பார்கள். அவற்றைப் பெஞ்சில் கட்டி, எரிபொருள் தாராளமாகப் பாயும்படி வைத்து, டேங்க் டேங்காக மெதுவாக ஓடவிட்டுப் பழக்குவார்கள். அந்த வகைக்கு அதுதான் சரி. அந்தக் காலத்துப் புத்தகங்களில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் படித்ததும் அவற்றைத்தான்.

நான் செய்த தவறு

முதல் பெட்ரோல் இஞ்சினைப் பெங்களூரில் வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு குப்பம் வந்தேன். பிறந்த குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி. கூட வந்த குறிப்பேட்டில் 30 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று போட்டிருந்தது. புது இஞ்சின்தானே, கூட இருந்தால் நல்லதுதானே என்று 20க்கு 1 கலந்தேன். கொல்லையில் ஒரு மேசையில் கட்டி, வேகத்தை ஏற்றாமல், வெறும் ஐட்லிங்கில் ஒன்பது டேங்க் ஓட்டினேன். அக்கம் பக்கத்தில் எல்லோரும் சலித்துப் போனார்கள். ‘மாமா, இன்னும் எத்தனை டேங்க் ஓட்டணும்? ஒரு தடவை முழுசா ஏத்திப் பாக்கலாமே’ என்றான் அக்கா மகன். ‘பேசாம இருடா, புதுசு, வேகம் குடுத்தா தேஞ்சு போயிடும்’ என்றேன்.

பிறகு விமானத்தில் பூட்டி, மூக்கு மூடியையும் போட்டுக் கிளப்பினேன். ஓடியது, எழும்பியது, ஐம்பது அறுபது அடி உயரம் ஏறியது. சத்தம் மெல்லத் தொய்ந்தது. பிறகு நின்றது. ஏறிக்கொண்டிருக்கும் விமானத்தில் இஞ்சின் நின்றால் வேகம் உடனே செத்துவிடும். திரும்பிவர உயரமும் இல்லை. இடது இறக்கை சாய்ந்து நேரே நிலக்கடலை வயலில் போய் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து முப்பது அடி தூரத்தில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘விழுந்திடுச்சு சார்’ என்று சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை.

மறுநாள் இஞ்சினைக் குப்பத்தில் போர்வெல் கம்ப்ரெசர், பம்ப்செட் எல்லாம் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் எடுத்துப் போனேன். மாதிரி விமானம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிங்குக்குக் கீழே பிஸ்டனின் பக்கங்களில் திட்டுத் திட்டாகக் காப்பி நிறத்தில் கறை. ‘பாத்தீங்களா சார், நெருப்பு இந்த வழியா கீழே எறங்கியிருக்கு. ரிங்கு உக்காரவே இல்ல. எவ்வளவு ஓட்டினீங்க?’ என்றார். ஒன்பது டேங்க் என்றேன். ‘ஓட்டினது சரி சார். வேலை குடுத்தீங்களா?’ என்றார்.

அந்த ஒரு கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

பிஸ்டன் ரிங் என்பது பிஸ்டனின் பள்ளத்தில் உட்காரும் ஒரு வெட்டு வளையம். சிலிண்டர் சுவரை ஒட்டிக்கொண்டு, மேலே எரியும் வாயு கீழே கசியாமல் அடைப்பது அதன் வேலை. அது தன் சொந்த விறைப்பினால் மட்டும் சுவரை அழுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த அழுத்தம் கொஞ்சம்தான். எரிபொருள் வெடிக்கும்போது அந்த வாயுவே ரிங்குக்கும் பள்ளத்துக்கும் நடுவில் புகுந்து, ரிங்கின் முதுகைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. ஆகவே வெடிப்பு எவ்வளவு வலுவோ, ரிங் அவ்வளவு இறுக்கமாகச் சுவரைப் பிடிக்கும்.

புது ரிங்கின் விளிம்பும் புதுச் சுவரும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. ஒன்றோடு ஒன்று உரசி, மேடுகள் தேய்ந்து, ரிங் முழு வட்டத்திலும் சுவரோடு பொருந்த வேண்டும். இதைத்தான் ‘ரிங் உட்காருவது’ என்கிறார்கள். இக்கால மாதிரி விமான இஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டரின் உட்சுவருக்கு மிகக் கடினமான உலோகப் பூச்சு பூசியிருக்கும். அது லேசில் தேயாது, ரிங்தான் தேய்ந்து அதற்கு ஏற்ப மாற வேண்டும். ஆகவே நேரம் பிடிக்கும். ஒரு நாள் வேலை அல்ல, சில லிட்டர் பெட்ரோல் எரிய வேண்டும்.

வெறும் ஐட்லிங்கில் ஓட்டினால் வெடிப்பு பலவீனம், ரிங்கைத் தள்ள அழுத்தம் இல்லை. உரசல் நடக்காது. சூடான வாயு கசிந்து பிஸ்டனின் பக்கங்களில் ஆயிலைக் கருக்கிக் கறையாக்கும். கறை படிந்தால் பிறகு உட்காருவது இன்னும் கஷ்டம். நேர்மாறாக, முதல் நாளே முழு வேகத்தில் நீண்ட நேரம் விரட்டினால், பொருந்தாத மேடுகளில் உரசல் சூடு அளவுக்கு மீறும். ஆயில் படலம் அறுந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டும் கேடுதான்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. புது ஆட்டுக்கல் வாங்கினால் என்ன செய்வார்கள்? அதைக் கழுவித் துடைத்து மூலையில் வைத்தால் பழகிவிடுமா? வெறும் கல்லைச் சுற்றினாலும் பழகாது. நொய்யோ தவிடோ போட்டு ஆட்டி, அந்த மாவைக் கொட்டிவிட்டு, கழுவி, ஆறவிட்டு, மறுபடி ஆட்டுவார்கள். கல் துகள் வருவது நின்ற பிறகுதான் இட்லிக்கு அரிசி போடுவார்கள். என் அம்மா இரண்டு மூன்று தடவை அப்படி ஆட்டிக் கொட்டியது எனக்கு நினைவிருக்கிறது. வேலையும் வேண்டும், இடையில் ஓய்வும் வேண்டும். இஞ்சினுக்கும் அதே கணக்குத்தான்.

ஆயில் கலவை

பழக்கும் காலத்துக்கு 30க்கு 1 என்று பல தயாரிப்பாளர்கள் சொல்லுகிறார்கள். பழகிய பிறகு 40க்கு 1 அல்லது 50க்கு 1. உங்கள் இஞ்சினின் குறிப்பேடு என்ன சொல்லுகிறதோ அதுதான் சட்டம். கணக்கு எளிது. 5 லிட்டர் பெட்ரோலுக்கு:

30க்கு 1 என்றால் 167 மில்லி
40க்கு 1 என்றால் 125 மில்லி
50க்கு 1 என்றால் 100 மில்லி

ஆயில் கூடினால் நல்லது என்ற என் எண்ணம் தவறு. ஊசித் துவாரம் வழியே போகும் திரவத்தின் அளவு ஏறக்குறைய அதேதான். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது. கலவை வறண்டு சூடு ஏறும், கரியும் படியும். காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான தரமான ஆயிலே வேண்டும். ஜாசோ எஃப்.டி. என்று டப்பாவில் போட்டிருக்கும். படகு மோட்டாருக்கான ஆயிலும், பைக்கின் இஞ்சின் ஆயிலும் இதற்கு ஆகாது.

இப்போது இன்னொரு கவலை சேர்ந்திருக்கிறது. 2025 முதல் நம் பங்குகளில் பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் தனியே பிரிந்து கேனின் அடியில் தங்கும். கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரமும் ரப்பர்க் குழாய்களும் இதனால் சீக்கிரம் விறைத்துப் போகும். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், கேனை இறுக மூடுங்கள், பறந்து முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்பரேட்டரில் உள்ளதையும் ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

கிளப்பும் முன்

தூசிதான் நம் ஊரின் முதல் எதிரி. இந்த இஞ்சின்களில் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் கிடையாது. மண்தரையில் நிறுத்தி உறுமவிட்டால் விசிறி கிளப்பும் தூசி அத்தனையும் உள்ளே போகும். நான் இப்போது கேழ்வரகு அடிக்கிற கருங்கல் களத்தில்தான் ஓட்டுகிறேன். அதையும் பெருக்கி, தண்ணீர் தெளித்த பிறகு.

ப்ராப்பைச் சமநிலை பார்த்துப் பூட்ட வேண்டும். மரப் ப்ராப் என்றால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு மரம் அமுங்கியிருக்கும், போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும். பழக்கும் காலத்தில் குறிப்பேட்டில் சொன்ன அளவுகளில் சிறியதைப் போடுங்கள். பெரிய ப்ராப் இஞ்சினைத் திணறவைக்கும்.

விமானத்தின் வாலைக் கயிற்றால் முளையடித்துக் கட்டுங்கள். கூடவே ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். விசிறி சுழலும் தளத்துக்கு நேரே, பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது. உடைந்தால் துண்டு அந்தத் திசையில்தான் பறக்கும். பிள்ளைகள் எல்லோரும் பின்னால், தூரமாக. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷனுக்குத் தனி சுவிட்ச் வேண்டும், ரிமோட்டிலிருந்தே அதை அணைக்கும் வசதியும் வேண்டும். இக்னிஷன் போட்டிருக்கும்போது ப்ராப்பைச் சும்மாவேனும் தொடாதீர்கள். மெல்லத் திருப்பினால்கூடப் பற்றிக்கொள்ளலாம். கையால் சுண்டிக் கிளப்புகிறவர்கள் கனத்த தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தரையில்

கார்பரேட்டரில் இரண்டு ஊசித் திருகுகள் இருக்கும். ‘எல்’ என்பது மெதுவான ஓட்டத்துக்கு, ‘எச்’ என்பது முழு வேகத்துக்கு. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும். முதலில் குறிப்பேட்டில் சொன்ன சுற்றுகளில் வையுங்கள். சோக்கை மூடி, இக்னிஷன் போட்டு, ஒரு ‘டப்’ சத்தம் வரும்வரை சுண்டுங்கள். பிறகு சோக்கைத் திறந்து சுண்டினால் பிடித்துக்கொள்ளும். ஓரிரு நிமிடம் சூடேறட்டும்.

பிறகு ஒரே வேகத்தில் நிறுத்தாதீர்கள். பாதி வேகம், கீழே, முக்கால் வேகம், கீழே. ஐந்து பத்து வினாடி முழு வேகம், உடனே கீழே. இறக்கியபின் அரை நிமிடம் ஆறட்டும். முழு வேகத்தில் ‘எச்’ ஊசியை மெல்ல உள்ளே திருகிக்கொண்டே போனால் சுற்று ஏறி ஓர் உச்சத்தில் நிற்கும். அங்கே விடாமல், 200, 300 சுற்று குறையும் அளவுக்குத் திரும்ப வெளியே திருகுங்கள். புது இஞ்சினுக்கு அந்த ஈரம் வேண்டும். கடைசியில், விமானத்தை இரண்டு பேர் கவனமாகப் பிடித்து மூக்கை மேல்நோக்கி நிமிர்த்தி முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். சத்தம் தொய்ந்தால் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். அன்று இதைச் செய்திருந்தால் என் விமானம் கடலை வயலுக்குப் போயிருக்காது.

தரையில் ஒரு டேங்க், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் தரையில் ஓட்டுவதில் லாபம் இல்லை. நிற்கும் விமானத்தில் காற்று சரியாகப் பாய்வதில்லை.

குப்பத்துக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 650, 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. சென்னையில் சரியாக வைத்த ஊசி இங்கே வந்தால் பெட்ரோல் கூடிப் போய், இஞ்சின் ‘பொட பொட’ என்று ஒன்று விட்டு ஒன்று வெடிக்கிற மாதிரி ஓடும். அதில் ஆபத்து இல்லை. ஆனால் லீவுக்குச் சென்னை போகும்போது இங்கே வைத்த ஊசியோடு அங்கே பறக்கவிட்டால் பெட்ரோல் போதாமல் சூடேறும். அதுதான் ஆபத்து. மலை இறங்கினால் ஊசியைக் கொஞ்சம் திறக்க வேண்டும் என்று நினைவில் வையுங்கள்.

வானத்தில்

உண்மையான பழக்கம் வானத்தில்தான் நடக்கிறது. பறக்கும்போது காற்று பாய்ந்து குளிர்விக்கிறது, விசிறியின் சுமையும் சற்று இளகுகிறது. முதல் சில லிட்டர்களுக்கு அகலமான வட்டங்கள், பெரிய கரணங்கள் போதும். கரணத்தில் மேலே ஏறும்போது இஞ்சினுக்கு வேலை, இறங்கும்போது ஓய்வு. ஒரு கரணத்திலேயே ஆட்டுக்கல் கணக்கு முடிந்துவிடுகிறது. மூக்கை மேலே வைத்து அந்தரத்தில் தொங்கவிடும் வித்தை இப்போது வேண்டாம். அதில் சுமை முழுவதும் உண்டு, காற்றோட்டம் இல்லை.

மூக்கு மூடியைப் போட்டால் காற்று உள்ளே வரும் வழியைவிட வெளியே போகும் வழி பெரிதாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மடங்கு. உள்ளே வந்த காற்று சிலிண்டரின் செதில்கள் ஊடே போகும்படி மெல்லிய பலகையால் தடுப்பு வையுங்கள். நம் சித்திரை வெயிலில் இது மிக முக்கியம். ஒவ்வொரு முறை இறங்கியதும் இஞ்சின் போல்ட், சைலன்சர் போல்ட் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். அதிர்வில் தளர்ந்திருக்கும்.

இடம் விஷயத்தில் சட்டமும் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் கண்பார்வைக்குள் பறக்கும், 25 கிலோவுக்கு மேற்படாத விமானங்களை ‘மாதிரி’ வகை என்று தனியாகச் சொல்லுகின்றன. நாம் பறக்கும் இடம் எந்த மண்டலம் என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, அவ்வப்போது படித்துக்கொள்ளுங்கள்.

பழகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

நாள் கணக்கு கிடையாது. பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து லிட்டர் எரியும். இஞ்சினே சொல்லும். இரண்டு மூன்று சுண்டலில் பிடிக்கும். ஐட்லிங் இறங்கி, தடுமாறாமல் நிற்கும். அதே ப்ராப்பில் முழு வேகம் இருநூறு சுற்று போல ஏறியிருக்கும். ப்ளக்கைக் கழற்றினால் கரிக்கட்டையாக இல்லாமல் கேழ்வரகுக் களி நிறத்தில் இருக்கும். இக்னிஷனை அணைத்துவிட்டு ப்ராப்பைக் கையால் திருப்பினால் நல்ல பிடிப்பு தெரியும், காற்றை அழுத்துகிற அந்தக் கனம். அதன்பிறகு ஆயில் கலவையை மாற்றலாம், ஊசியை மறுபடி சரிபார்க்கலாம், வித்தைகளையும் ஆரம்பிக்கலாம்.

அந்த முதல் இஞ்சினை மெக்கானிக் சுத்தம் செய்து, கறையைத் துடைத்து, புது ரிங் போட்டுக் கொடுத்தார். அவரிடம் கூலி எவ்வளவு என்று கேட்டேன். ‘பறக்கிறப்போ சொல்லுங்க சார், வந்து பாக்கறேன்’ என்றார். வேறு விமானம் கட்டி முடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அவர் சொன்னபடி வேலை கொடுத்து, ஓய்வு கொடுத்துப் பழக்கினேன். ஏழாவது லிட்டரில் ஐட்லிங் இறங்கி நின்றது. அக்கா மகன்தான் முதலில் கவனித்தான். ‘மாமா, சத்தம் மாறிடுச்சு’ என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கும் வந்திருந்தார். ஆடு மேய்க்கும் பையனும் வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டு எனக்குப் பின்னால், மரத்தடியில் உட்காரச் சொன்னேன். இப்போது எங்கள் வழக்கம் அதுதான். ஆடுகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்று அவனைக் கேட்டு, மறு பக்கம்தான் விமானத்தைக் கிளப்புவது. அவன் வராத நாளில் நானே வரப்புகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வருவேன். பத்து நிமிடம் ஆகும். இஞ்சின் எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தை நான் விடுவதில்லை.